மகனின் பழைய கைபேசியை விற்றுவிடாதீர்கள்

கேள்வி: தொண்டிப் பக்கம் வலைக்கடை வைத்திருக்கிறேன். மலேசியாவில் வேலை என்று வாட்ஸ்அப்பிலும் ஜிமெயிலிலும் பேசிய ஒருவர், என் மகனிடம் 1,80,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டார். எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது. "சர்வர் அமெரிக்காவில் இருக்கிறது, விவரம் வர வருடக்கணக்காகும்" என்கிறார்கள். காத்திருப்பதைத் தவிர வழியில்லையா? திரை உடைந்த கைபேசியைக் கொடுத்துவிட்டு மகன் புதிது வாங்கலாமா?

பதில்: முதலில் அந்தக் கைபேசி. அதை விற்காதீர்கள், திரை மாற்றக்கூடக் கடையில் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப் செய்தி உரியவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்நிறுவனம் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. அந்த ஆள் சொன்ன பொய் ஒவ்வொன்றும் உங்கள் வீட்டில், அந்த உடைந்த திரைக்குப் பின்னால்தான் இருக்கிறது. மன வேதனையில் மகன் அதை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் சொன்னது பாதி உண்மை. தனுஷ்கோடியில் நின்றால் கைபேசியில் இலங்கை சிக்னல் தானாக வந்துவிடும். காவல்துறையின் கடிதம் அப்படிக் கடல் தாண்டுவதில்லை. மின்னஞ்சலில் எழுதியிருப்பதை வெளிநாட்டுப் போலீசாரிடம் நேரடியாகக் கொடுக்க அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. 2001இல் கையெழுத்தாகி 2005இல் நடைமுறைக்கு வந்த இருநாட்டு ஒப்பந்தப்படி, நம் உள்துறை அமைச்சகம் வழியாகக் கோரிக்கை போய், அங்குள்ள நீதிமன்றமும் ஒப்புக்கொள்ள வேண்டும். தாமதம் இதில்தான். ஒப்பந்தம் செய்துகொள்ளும் நாட்டின் போலீசார் நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்க வழி செய்யும் குறுக்குவழிச் சட்டம் ஒன்றை 2018இல் அமெரிக்கா இயற்றியது. பிரிட்டன் அதன்படி ஒப்பந்தம் செய்துகொண்டது, இந்தியா செய்துகொள்ளவில்லை.

ஆனால் கணக்கு யார் பெயரில் தொடங்கப்பட்டது, எந்த எண் கொடுக்கப்பட்டது, எந்த ஐ.பி. முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்) நுழைந்தார் என்ற விவரங்களுக்கு இவ்வளவு சுற்று தேவையில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 94ஆம் பிரிவின்கீழ் விசாரணை அதிகாரியே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். கூடவே, கணக்கில் உள்ளதைப் பாதுகாத்து வைக்கும்படியும் அவர் கோர வேண்டும்; நிறுவனங்கள் பொதுவாக 90 நாள் வரை வைத்திருக்கும், அதை நீட்டிக்கவும் கேட்கலாம். அந்தக் கோரிக்கை போகும் முன் அந்த ஆள் கணக்கை மூடிவிட்டால், ஒப்பந்தம் இருந்தும் பயனில்லாமல் போகலாம். இதை இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள், மனுவுக்கு ரசீதும் வாங்குங்கள்.

பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று நீங்கள் எழுதவில்லை. அது இந்திய வங்கிக் கணக்கு என்றால் அந்தத் தடத்தைப் பிடிக்கக் கடல் தாண்டவே வேண்டாம். இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு இதுவரை சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லுங்கள்.

மின்னஞ்சல்களைப் படம் பிடித்துக் கொடுத்தால் போதாது. அசல் அஞ்சல் பெட்டியிலேயே இருக்கட்டும். நகல் எதுவானாலும் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள். கைபேசியைப் போலீசாரிடம் ஒப்படைக்கும்போது மாடல், ஐ.எம்.ஈ.ஐ. எண் (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி எண்) குறித்த ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மகன் புதுக் கைபேசி வாங்கலாம், ஆனால் அதே எண்ணில் வாட்ஸ்அப்பை அதில் தொடங்க வேண்டாம். பழைய எண்ணுக்கு ரீசார்ஜ் தவறாமல் போட்டு வாருங்கள்.