கிட்டார் ஸ்கேல்: கேள்வி பதில்

கேள்வி: மேஜர் ஸ்கேலை (ஏழு சுர வரிசை) முதலில் ஒரே கம்பியில் வாசிக்கச் சொல்கிறார்கள். எதற்கு?

பதில்: இடைவெளி கண்ணுக்குத் தெரியும் என்பதற்காக. கிட்டாரின் கழுத்தில் உலோகப் பட்டைகள் பிரிக்கும் கட்டம்தான் ஃப்ரெட். ஒரு ஃப்ரெட் என்றால் ஒரு செமிடோன் (அரைச் சுர இடைவெளி). ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு எத்தனை ஃப்ரெட் என்பதில் மேஜர் ஸ்கேலின் கணக்கு 2-2-1-2-2-2-1. ஐந்தாவது கம்பியில் (மிக மெல்லியது முதல் கம்பி, மிகத் தடித்தது ஆறாவது) 3, 5, 7, 8, 10, 12, 14, 15 ஆகிய ஃப்ரெட்களை வாசித்தால் சி மேஜர். ஸரிகமபதநி என்று கூடவே பாடுங்கள். சங்கராபரண ராகத்தின் சுரங்கள்தான் இவை. 5-வது ஃப்ரெட்டில் தொடங்கி அதே கணக்கில் போனால் டி மேஜர்.

கேள்வி: ஏ மைனர் பென்டடானிக் (ஐந்து சுர ஸ்கேல்) மனப்பாடம். ஆனாலும் வாசித்தால் பயிற்சி மாதிரியே இருக்கிறது, இசையாக வரவில்லை.

பதில்: ஆறாவது கம்பியில் 5, 8; ஐந்து, நான்கு, மூன்றில் 5, 7; இரண்டு, ஒன்றில் 5, 8. இந்த வடிவத்தைத்தானே சொல்கிறீர்கள்? இதில் ஸட்ஜம் எங்கே என்று தெரியாமல் மேலும் கீழும் ஓடுவதுதான் கோளாறு. இங்கே ஸட்ஜம் ஏ. அது மூன்று இடத்தில் இருக்கிறது: ஆறாவது கம்பி 5, நான்காவது கம்பி 7, முதல் கம்பி 5. ஐந்தாவது கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டி ஒலிக்க விடுங்கள்; அதுவும் ஏ-தான். மற்ற கம்பிகளில் நான்கைந்து சுரம் வாசித்து, ஏ-யில் வந்து நில்லுங்கள். மூச்சு விட்டு அடுத்த வாக்கியம். காதில் சுத்த தன்யாசி ராகம் விழும்.

பிறகு தம்பூரா செயலியில் சி சுருதி வைத்து அதே ஃப்ரெட்களை வாசியுங்கள். நிற்பது மட்டும் சி-யில் (ஆறாவது கம்பி 8, மூன்றாவது கம்பி 5, முதல் கம்பி 8). இப்போது மோகன ராகம்! விரல் போகும் இடம் மாறவில்லை, ஆதாரம்தான் மாறியது. ஸ்கேலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

கேள்வி: இரண்டாவது கம்பிக்கு வந்ததும் வடிவம் ஏன் நகர்கிறது?

பதில்: மற்ற அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே 5 செமிடோன், ஜி-க்கும் (மூன்றாவது கம்பி) பி-க்கும் (இரண்டாவது) இடையே மட்டும் 4. அதனால் ஒரு ஃப்ரெட் தள்ளிப் போகும்.

கேள்வி: மேஜர் கார்டுக்கும் மைனர் கார்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) என்ன வித்தியாசம்?

பதில்: காந்தாரம், அதாவது மூன்றாவது சுரம். சி-இ-ஜி மேஜர். இ ஒரு ஃப்ரெட் இறங்கினால் மைனர்.

கேள்வி: பாடுபவர் சுருதி நாலரைக் கட்டை. பார் கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்திப் பிடிப்பது) இல்லாமல் முடியுமா?

பதில்: ஒரு கட்டை சி, நாலரை எஃப் ஷார்ப். கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) 2-வது ஃப்ரெட்டில் மாட்டி, இ மேஜர் வடிவங்களைப் பிடியுங்கள். கேப்போ ஃப்ரெட் பட்டையை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். தள்ளி மாட்டினால் கம்பி இரையும்; பட்டை மேலேயே ஏறினால் ஓசை அமுங்கும். மாட்டியதும் கம்பி இழுபட்டுச் சுருதி கொஞ்சம் ஏறும், மறுபடி ட்யூன் செய்த பிறகே வாசியுங்கள்.