கூரைக்குள் அடைகிறதா, அடைகாக்கிறதா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பறவை புகுகிற கூரை ஓட்டைதான். மழைக்கு முன் ஓடு மாற்றுகிற அவசரம் போல.

பம்பலப்பிட்டி வாசகி: ஏசி பெட்டிக்கு மேல் பின்னேரம் 6 மணிக்கு ஏழெட்டுப் புறா வரும், விடிந்தால் ஒன்றும் இல்லை. கூடா?

இல்லை, அடைய வருகின்றன, அதாவது இரவு தங்க மட்டும். பகலில் வலை கட்டுங்கள். அதற்கு முன் பெட்டிக்குப் பின்னால் முட்டை இருக்கிறதா என்று ஒருக்கால் பார்த்துவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: ஒரே ஒரு புறாதான் கூரைக்குள் போய் வருகிறது. தும்பும் இல்லை, இரையும் கொண்டுபோகவில்லை. மேசன் பாஸ் நாளைக்கே பூசித் தருகிறேன் என்கிறார். சரிதானே?

சரியில்லை. முதலில் பாஸை நிறுத்துங்கள். நீங்கள் ஒன்று என்று நினைப்பது அநேகமாக இரண்டு. அடைகாக்கும் புறாச் சோடி முறை வைத்து உட்காரும், காலை பத்து மணி போல ஆண் உள்ளே போகும், பின்னேரம் நாலைந்து மணிக்குப் பெண் வந்து மாற்றும், மற்றபடி நாள் முழுக்க அசைவே இருக்காது. குஞ்சு பொரித்த பிறகும் வாயில் இரை தெரியாது, ஏனென்றால் தொண்டைப்பையில் ஊறுகிற பாலைத்தான் கக்கி ஊட்டும். எங்கள் தெஹிவளை வீட்டில், நான் ஊரில் இல்லாத நேரம் கூரை வேலைக்கு வந்தவர் இப்படித்தான் ஓட்டையைப் பூசிவிட்டுப் போனார். நான் திரும்பி வந்த அன்று சாப்பாட்டு மேசைக்கு மேல் பல்ப் ஓட்டையால் புழு விழுந்தது. சீலிங் பலகையைக் கழற்றினால் இரண்டு குஞ்சு, மஞ்சள் மயிர்கூட உதிரவில்லை. முட்டைக்கு 18 நாள், பறக்க இன்னொரு மாதம், அவ்வளவுதான் பொறுக்க வேண்டியது. பறந்த அன்றே உள்ளே பார்த்துவிட்டு ஓட்டையை அடையுங்கள், பிந்தினால் அடுத்த முட்டை வந்துவிடும்.

ஊர் பேர் எழுதாமல் படம் மட்டும் அனுப்பியவர்: இது கூடா?

தம்பி, படத்தில் இருப்பது ஓடு. எத்தனை மணிக்கு வருகிறது, வாயில் என்ன இருக்கிறது, கீழே எச்சம் எங்கே விழுகிறது? இதையெல்லாம் பார்த்து எழுதுங்கள்.

வத்தளை வாசகி: மைனாச் சோடி பீலிக்கு மேல் சொப்பிங் பை கிழிசலை இழுத்துக்கொண்டு போகிறது.

கூடேதான். இன்னும் சில கிழமையில் வாயில் வெள்ளைப் பொட்டலத்தோடு வெளியே வரும், அது குஞ்சின் எச்சம். குஞ்சு பறக்கும்வரை கைவைக்க வேண்டாம்.

கிருலப்பனை வாசகர்: இரவிரவாகக் கூரைக்குள் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம், பாம்பா?

கூகைக் குஞ்சு, பசிக்குக் கத்துகிறது. கூகை தும்பு எதுவும் சேர்க்காது, வெறும் பலகையிலேயே முட்டையிடும். இரண்டு மாதம் பொறுங்கள், உங்கள் வீட்டு எலி குறையும். சாக்குருவி என்று அம்மா பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்கும் இந்த எலிக் கணக்கைச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை வாசகர்: போர்ட்டிகோ கொங்கிரீட்டுக்குக் கீழே உழவாரன் குருவிகள், இறகால் ஒட்டின உருண்டைகள். வருடம் முழுக்க இரவில் வந்து போகின்றன. அடைகிறதா, கூடா?

இரண்டும்தான். முட்டையிடுகிற அதே உருண்டையில்தான் மற்ற மாதங்களிலும் படுக்கும்.