மாடி அறையில் இணைய வேகம் 94 எம்பிபிஎஸ்ஸைத் (நொடிக்கு மெகாபிட்) தாண்டாதது ஏன்?

ரவுட்டரை மாற்றாதீர்கள், குறை அதில் இல்லை. கீழே 600 எம்பிபிஎஸ் வந்து மாடியில் 94-இல் நிற்கிறது என்றால், இணைப்பு 100-க்கு இறங்கிவிட்டது என்று பொருள்; 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கைக்குக் கிடைப்பது சுமார் 94தான். தொலைபேசியையும் இணையத்தையும் ஒரே கேட்-6 கேபிளில் (இணையத்துக்கான கேபிள் வகை) கொண்டுபோனதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

அந்தக் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், 1000-க்கு நான்கும் வேண்டும். தொலைபேசிக்கு வழக்கமாகப் பிரித்தெடுப்பது நீல ஜோடியை.

மாடியிலுள்ள சுவர்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நீலமும் வெள்ளை-நீலமும் இணைய முனையின் 4, 5-ஆம் இடங்களில் இல்லாமல் தொலைபேசி முனைக்குப் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். எட்டுக் கம்பிகளும் இடத்தில் இருந்தால் ஒவ்வொன்றும் நன்றாக அழுந்தியிருக்கிறதா என்று கவனியுங்கள். ஒன்று தளர்ந்தாலும் இதே 94 வரலாம்.

தீர்வு, தொலைபேசிக்குத் தனிக் கேபிள். இழுக்கும்போதே உபரியாக இன்னொன்றையும் சேர்த்து இழுத்துவிடுங்கள், பிறகு சுவரை இரண்டாம் முறை குடைவது பெருந்தொல்லை.

பெட்டியில் கைவைக்கும் முன் தொலைபேசி இணைப்பைக் கீழேயே கழற்றிவிடுங்கள். மணி அடிக்கும்போது அந்த மெல்லிய கம்பியில் 90 வோல்ட் வரை பாயும்.