கோலாலம்பூர்ல (கேஎல்) கார்ப்பரேட் லோயரா இருக்குற மக பேராக்ல இருக்குற சுங்கை சிப்புட்டுக்கே திரும்புறேன்னா எந்த ஆபீஸ்ல சேரணும்?

அக்கா, உங்க மக கேஎல்ல ஏழு வருசம் கம்பெனி வாங்குற விக்கிற வேலை பாத்துட்டு, அப்பாவுக்கு முடியலன்னு சுங்கை சிப்புட்டுக்கே வந்துடுறேன்னு சொன்னதுலேர்ந்து நீங்க தூங்கவே இல்லன்னு சொன்னீங்க. ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டி படிக்க வெச்ச புள்ள மறுபடி தோட்டத்துப் பக்கமே வருதேன்னு ஒரு வருத்தம், எனக்குப் புரியுது. ஆனா படிப்பு வீணாகாதுக்கா. தீபகற்பத்துக்குள்ள எந்த ஊருக்குப் போனாலும் அதே லைசென்ஸ்தான், 1976 சட்டத் தொழில் சட்டத்துக்குக் கீழ வர்றது, பேராக் பார்ல, அதாவது அங்க உள்ள வக்கீல் சங்கத்துல, சேர்ந்துக்கலாம். சபா, சரவாக்குன்னாதான் வேற கதை.

நான் பயப்படுறது வேற விஷயத்துக்கு. வீட்டுக்குப் பக்கத்துல இருக்கேன்னு முதல்ல கூப்புடுற ஆபீஸ்ல போய் உக்காந்துடக் கூடாது. சின்ன ஊர்ல லா ஃபர்ம்னா அது பெரும்பாலும் ஒரு மனுசன்தான், அவர் பேருக்குத்தான் கிளையண்ட் வர்றாங்க. அதனால சம்பளம் கேக்குறதுக்கு முன்னாடி இங்க ஃபைல் எங்கேர்ந்து வருதுன்னு கேக்கச் சொல்லுங்க. பேங்க் தன்னோட லோயர் லிஸ்ட்ல (பேனல்) இருக்குறவங்களுக்கு அனுப்புற வீட்டு லோன் மட்டும்தான்னா அது அவளுக்குப் பத்தாது. 2023 ஜூலை 15லேர்ந்து இருக்குற லோயர் ஃபீஸ் ஸ்கேல்படி முதல் 5 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) 1.25 சதவீதம், அதாவது 3 லட்சம் வெள்ளி லோனுக்கு 3,750 வெள்ளி, அதுலயும் டிஸ்கவுண்ட் கேப்பாங்க, அப்ப ஆபீஸ் ஓடணும்னா மாசத்துக்கு எத்தனை ஃபைல் தள்ளணும் பாருங்க, நாள் பூரா ஃபாரம் நிரப்பியே பொழுது போயிடும், ரெண்டு வருசத்துல கார்ப்பரேட் வேலையே மறந்துடும்.

இங்க கம்பெனி வேலையே இல்லன்னு நெனைக்காதீங்க. மில்லு, லாரி கம்பெனி, அப்பன் ஆரம்பிச்சு மூணு மகனும் ஷேர் வெச்சிருக்குற கடை, கூட்டுறவு சங்கம்னு எல்லாத்துக்கும் ஷேர்ஹோல்டர் அக்ரிமெண்ட் வேணும், அண்ணன் தம்பி சண்டை வந்தப்புறம்தான் லோயரத் தேடுவாங்க. அப்புறம் தோட்டமே இருக்கே! 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறணும்னா தேசிய நிலச் சட்டம் 214ஏ பிரிவுப்படி எஸ்டேட் லேண்ட் போர்டு அனுமதி வேணும். தோட்டத்தத் துண்டு போட்டு வித்தப்ப நம்ம ஆளுங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததா, அதுக்குத்தானே அமைச்சரா இருந்த நம்ம ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960ல நில நிதிக் கூட்டுறவுச் சங்கமே ஆரம்பிச்சாரு. அந்த மாதிரி ஃபைல கேஎல்ல கத்துக்கிட்ட கையோட பாக்குறதுக்கு இந்தப் பக்கம் ஆள் தேவைதான். அது ஈப்போ ஆபீஸ்லதான் அதிகம் வரும், அரை மணி நேர ஓட்டம், ஹைகோர்ட்டும் அங்கதான்.

இன்னொண்ணு, பெரிய லோயருக்கு வயசு என்ன, அவருக்கு அப்புறம் யாருன்னு கேக்கணும். போன வருசம் ஒரு தம்பி சொந்தக்காரர் ஆபீஸ்னு நம்பி சேர்ந்தாரு, பெரியவர் ரிட்டையர் ஆனதும் ஃபைல் எல்லாம் மருமகன் கைக்குப் போயிடுச்சு, இவர் பேர்ல ஒரு கிளையண்ட் கூட இல்ல. நான் முன்னாடியே கேட்டிருக்கணும், கேக்கல, இன்னும் மனசு உறுத்துது. அவ தானா கொண்டு வர்ற ஃபைலுக்கு எத்தனை பங்குன்னு எழுத்துல வாங்கணும். பார்ட்னரா வான்னு சீக்கிரமே கூப்புட்டா சந்தோசப்பட்டு கையெழுத்துப் போடாம கிளையண்ட் அக்கவுண்ட் ஆடிட் ரிப்போர்ட்டக் கேட்டுப் பாக்கட்டும், அந்தப் பணத்துல ஓட்டை விழுந்தா எல்லா பார்ட்னர் தலையிலயும்தான் விடியும்.

பழைய ஆபீஸ் வேற எங்கயும் வேலை செய்யக் கூடாதுன்னு லெட்டர்ல போட்டிருக்குன்னு பயந்தீங்களே, 1950 ஒப்பந்தச் சட்டம் 28வது பிரிவுப்படி வேலைய விட்டப்புறம் பொழப்பத் தடுக்குற அந்த மாதிரி கண்டிஷன் செல்லாது. ஆனா கிளையண்டோட ரகசியம் ரகசியம்தான், அத எடுத்துட்டு வரக் கூடாது. சண்டை போடாம வரச் சொல்லுங்க, கேஎல்லேர்ந்து வர்ற ஈடிஎஸ் மின்சார ரயில் நம்ம ஊர்லயே நிக்குது, கேஎல் ஆபீஸ் தங்களால பாக்க முடியாத பேராக் வேலைய இவகிட்ட அனுப்பலாம்.

நோட்டீஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஈப்போவுல ரெண்டு ஆபீஸ், இங்க ஒண்ணு, மூணுலயும் போய்ப் பேசிட்டு வரட்டும். அங்க ரொம்ப வருசமா இருக்குற கிராணிகிட்டயும் (கிளார்க்) ஒரு டீ குடிச்சுப் பேசணும், லேண்ட் ஆபீஸ்ல ஃபைல் எங்க மாட்டுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஆஃபர் லெட்டர் வந்ததும் எனக்கு அனுப்புங்கக்கா, ஃபைல் பங்கு எழுதியிருக்கான்னு நான் பாத்துச் சொல்றேன்.