ஓடுவோர் கேள்வி பதில்: மேடே இல்லாத ஊரில் இருந்து மலை மரதனுக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மலையகத்து மரதனைப் பற்றியவை. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் கேட்டவற்றிலும் பாதி அதற்குள் வந்துவிடும்.

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. கிழமைக்கு மூன்று நாள் யாழ்ப்பாணத்துப் பண்ணை வீதியில் 10 கிலோமீற்றர் ஓடுகிறேன். நுவரெலியாப் பக்கம் நடக்கிற ஒரு மரதனுக்கு நானும் இரண்டு சிநேகிதரும் பெயர் கொடுத்துவிட்டோம், இன்னும் 16 கிழமை இருக்கிறது. மூன்று பேருக்கும் இதுதான் முதல் மரதன். யாழ்ப்பாணத்தில் ஏறி ஓட ஒரு மேடுகூட இல்லையே, ஏற்றத்துக்கு எப்படிப் பழகுவது? — கொக்குவில் வாசகர்

பதில்: தம்பி, எல்லாரும் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இறக்கத்துக்கு எப்படிப் பழகுவது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, எனக்கு உண்மையிலேயே பயம் அதுதான்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும், கெண்டைக்கால் எரியும், அந்த இடத்திலேயே உடம்பு சொல்லிவிடும், நீங்களும் வேகத்தைக் குறைப்பீர்கள். இறக்கத்தில் மூச்சு லேசாக இருக்கும், கால் தானாக ஓடும், குளிர்காற்று முகத்தில் அடிக்கும், 'இவ்வளவுதானா மரதன்' என்றுகூடத் தோன்றும். என் முதல் மலை ஓட்டத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் 10 கிலோமீற்றரில் பெரும்பகுதி இறக்கம், நான் பண்ணையில் ஓடும் வேகத்தைவிடக் கிலோமீற்றருக்கு ஒரு நிமிடம் கெதியாக ஓடினேன். 29ஆவது கிலோமீற்றரில், ஒரு சின்ன இறக்கத்தில், முழங்காலுக்கு மேலே இரண்டு தொடையும் உதறத் தொடங்கின. களைப்பு இல்லை, மூச்சும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் காலை ஊன்றினால் கால் தாங்கவில்லை. மீதி 13 கிலோமீற்றரையும் நடந்தே முடித்தேன். மறுநாள் தங்கியிருந்த வீட்டின் மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது.

ஏன் அப்படி? கிணற்றில் நிறைந்த வாளியை இழுத்து ஏற்றுவது ஒரு வேலை. அதே நிறைந்த வாளியை, கயிறு கையை விட்டு வழுக்காமல், மெல்ல மெல்லக் கீழே விட்டுப் பாருங்கள், மறுநாள் எந்த வேலைக்குக் கை கூடுதலாக நோகிறது என்று தெரியும். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் தொடையின் முன்தசை அந்தக் கயிற்றைப் பிடித்த கை மாதிரி, நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அப்படித் தாங்கும்போது தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழும். முதலில் தெரியாது. ஓட்டத்தின் பின்பாதியில் பலம் இறங்கும், நோவு ஒன்று இரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வரும்.

பொஸ்டன் மரதனை எடுங்கள், 1897இல் இருந்து ஓடுகிறார்கள். அதன் பேர்போன மேடு 32, 33ஆவது கிலோமீற்றர் பக்கம் வருகிறது, இதயத்தை நொறுக்கும் மேடு என்றே அதற்குப் பெயர். ஆனால் அந்தப் பாதை முழுவதையும் பார்த்தால் தொடங்கும் இடத்தைவிட முடியும் இடம் தாழ்வு. முதல் பாதியில் இறக்கத்தோடு அள்ளுண்டு போனவர்களைத்தான் அந்த மேடு கூடுதலாக வதைக்கிறது.

நல்ல செய்தி என்னவென்றால், தசை இதைக் கெதியாகப் படித்துக்கொள்ளும். ஒரு தடவை நன்றாக இறக்கத்தில் ஓடி நோவு கண்ட கால், சில கிழமைகளுக்குள் திரும்ப அதே இறக்கத்தில் ஓடினால் முன்னையைவிட மிகக் குறைவாகத்தான் நோகும். ஆகவே நான் சொல்வது இதுதான்: இந்த 16 கிழமைக்குள் இரண்டு தடவையாவது உண்மையான மலைக்குப் போங்கள். மூன்று பேர் சேர்ந்து இரவு பஸ்ஸில் கண்டிக்குப் போனால் விடிய ஹந்தானை வீதியில் நிற்கலாம். ஏறும்போது நடந்தே ஏறுங்கள், பரவாயில்லை, இறங்கும்போது ஓடுங்கள். முதல் தடவை 3 கிலோமீற்றர் இறக்கம் போதும், அடுத்த தடவை 7, 8. கடைசிப் பயணம் மரதனுக்கு மூன்று கிழமைக்கு முந்தியதாக இருக்கட்டும், அதற்குப் பிறகு வேண்டாம். காசு செலவுதான், புதுச் சப்பாத்து வாங்க வைத்திருக்கும் காசை இதற்குப் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஊரில் இருக்கும் நாட்களுக்கு ஒரு படி போதும். படியின் விளிம்பில் ஒரு காலில் நின்று, மற்றக் காலை மூன்று எண்ணும்வரை மெல்ல இறக்கி, குதி தரையைத் தொட்டதும் திரும்ப மேலே வாருங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, மூன்று சுற்று, கிழமைக்கு இரண்டு நாள். பார்க்கச் சின்ன வேலைதான், ஒரு மாதம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும்.

சரி, நீங்கள் கேட்ட ஏற்றத்துக்கு வருவோம். கீரிமலையில் பெயரில்தான் மலை இருக்கிறது, அது உண்மை. ஆனால் நமக்குக் காற்று இருக்கிறது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் பண்ணையில் இருந்து வேலணைப் பக்கம் ஓடிப் பாருங்கள், கடல்நீரேரியின் மேலாக எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அதே வேகத்தில் போக வேண்டும் என்று அடம்பிடிக்காமல், அதே மூச்சில் போகப் பழகுங்கள், வேகம் குறைந்தால் குறையட்டும். மலையில் ஓடுவதற்கு வேண்டிய மனப்பழக்கம் அதுதான். அப்புறம், மாதம் ஒரு ஞாயிறு மணற்காட்டுக்குப் போங்கள். அங்கே மணல்மேடுகளில் ஏறினால் கெண்டைக்காலும் மூச்சும் நன்றாக வேலை செய்யும். மணல் மெத்தென்று இருப்பதால் இறக்கப் பயிற்சிக்கு மட்டும் அது உதவாது.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை 14 கிலோமீற்றரில் தொடங்கி ஒவ்வொரு கிழமையும் ஒன்றோ இரண்டோ கூட்டுங்கள், நாலாவது கிழமை குறையுங்கள். 30 வரை போனால் போதும். கடைசி மூன்று கிழமையும் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், அந்த நேரத்தில்தான் 'பயிற்சி காணாது' என்ற பதற்றம் வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஓட்ட நாளன்று கடிகாரத்தைப் பார்த்து ஓடாதீர்கள். பண்ணையில் கிலோமீற்றருக்கு 7 நிமிடம் ஓடுகிறவர் ஏற்றத்தில் 9 நிமிடம் ஓடினால் அது சரியான வேகம்தான். பக்கத்தில் ஓடும் சிநேகிதரோடு ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் குறையுங்கள். செங்குத்தான இடத்தில் நடவுங்கள். அப்படி நடப்பதில் ஒரு வெட்கமும் இல்லை, அந்தச் சரிவில் தத்தித் தத்தி ஓடுவதற்கும் விரைந்து நடப்பதற்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் வராது, காலில் மிஞ்சும் பலத்தில் வரும். இறங்கும்போது உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக் குதியால் பிரேக் போடாதீர்கள், அடியைச் சின்னதாக்கிக் கெதியாக வையுங்கள், கைகளைக் கொஞ்சம் அகட்டி வைத்தால் நிதானம் கிடைக்கும்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் நம் கடற்கரையில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. அதற்காக மருந்து மாத்திரை ஒன்றும் வேண்டாம், முதல் 5 கிலோமீற்றரை 'இது அநியாயத்துக்கு மெதுவாக இருக்கிறதே' என்று தோன்றும் வேகத்தில் ஓடினால் போதும். விடியக்காலைக் குளிர் யாழ்ப்பாணத்து உடம்புக்குப் பெரிதாகத்தான் இருக்கும், தொடங்கும்வரை போட்டிருந்து கழற்றிக் கொடுக்க ஒரு பழைய ஸ்வெற்றர் கொண்டு போங்கள்.

கேள்வி: ஓடும்போது சக்திக்கு ஜெல் கட்டாயம் சாப்பிட வேண்டுமா? விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. — உரும்பிராய் வாசகர்

பதில்: ஜெல் கட்டாயம் இல்லை, மாச்சத்து கட்டாயம். உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மாச்சத்து பலருக்கு 30 கிலோமீற்றர் தாண்டும்போது வற்றிவிடும், மேடு பள்ளத்தில் இன்னும் முந்தியே வற்றும். மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை உள்ளே போக வேண்டும். நடுத்தரமான ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் அளவில் இருக்கிறது.

நான் பாவிப்பது பனங்கட்டி. அது வரும் ஓலைக் குட்டானோடு கொண்டு போக முடியாது, ஓலை வியர்வையில் ஊறி, கட்டி உருகி, காற்சட்டைப் பொக்கற் முழுக்கப் பிசுபிசுவென்று ஆகிவிடும். முதல்நாள் இரவே ஓலையைப் பிரித்து, விரல்நுனி அளவு துண்டுகளாக உடைத்து, துண்டுக்கு ஒன்றாக எண்ணெய்த்தாளில் சுற்றிச் சின்ன பொலித்தீன் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று துண்டை வாயில் அடக்கி வைத்தால் கரைந்து இறங்கும், பின்னால் ரெண்டு மிடறு தண்ணீர். எதுவானாலும் நீண்ட ஓட்டங்களில் சாப்பிட்டுப் பழகியதை மட்டுமே அன்றைக்குச் சாப்பிட வேண்டும்.

தண்ணீரையும் அளவோடுதான். குளிர் இடத்தில் வியர்வை குறைவு, ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் வயிறு முட்டக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகிவிடும். தாகத்துக்குக் குடியுங்கள், போதும்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. பள்ளிக்கூடத்தில் மரதனில் முதலாவதாக வந்தவன். இப்போது இரண்டு கிழமைப் பயிற்சியோடு மலை மரதனுக்குப் போகப் போகிறானாம். விடலாமா? — மானிப்பாய் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. நம் பள்ளிக்கூடங்களிலும் சித்திரை வருஷ விளையாட்டுகளிலும் மரதன் என்று சொல்வது சில கிலோமீற்றர் தெரு ஓட்டத்தை. முழு மரதன் 42.195 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்தில் இருந்து காங்கேசன்துறை போய்த் திரும்பினாலும் அந்தத் தூரம் நிறையாது. திறமை இருக்கிற பிள்ளை என்று தெரிகிறது, அதனால்தான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன், இரண்டு கிழமையில் மூச்சு தயாராகலாம், மூட்டும் தசையும் தயாராகாது. இந்த வருடம் 10 கிலோமீற்றர் ஓடட்டும், அடுத்த வருடம் முழுதையும் ஓடட்டும். ஓடும்போது எப்போதாவது நெஞ்சு நோவோ மயக்கமோ வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், முதலில் வைத்தியரிடம் காட்டி ஈசிஜி எடுக்க வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, 41 வயதில் ஓடத் தொடங்கியிருக்கிறேன். விடிய ஐந்து மணிக்கு ஏ9 வீதியில் ஓடினால் நாய் ஒருபக்கம், பார்க்கிறவர்களின் கதை ஒருபக்கம். மலை மரதன் எனக்கு ஒரு கனவு. — சாவகச்சேரி வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நானும் அதே ஐந்து மணிக்குத்தான் தொடங்கினேன், அதே கதைகளைக் கேட்டுத்தான். ஆறு மாதம் போனால் அதே ஆட்கள் 'ஏன் ரெண்டு நாளாகக் காணவில்லை' என்று கேட்பார்கள், எனக்குக் கேட்டார்கள்.

ஆனால் ஏ9இல் இருட்டோடு ஓட வேண்டாம். லொறிகளும் தூர பஸ்களும் வரும் நேரம் அது. உள்வீதிகளில், வாகனத்துக்கு எதிர்ப்பக்கமாக, வலது ஓரத்தில், வெளிர்நிறச் சட்டையோடு ஓடுங்கள். நாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடவுங்கள், ஓடினால்தான் துரத்தும். இன்னொரு பெண்ணைத் தேடிப் பிடியுங்கள், அவர் ஓட வேண்டும் என்றில்லை, சைக்கிளில் கூட வந்தாலும் போதும். முழு மரதனை ஒன்றரை வருடத்துக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதுக்கு மேல் தசை ஆறுவதற்கு இன்னும் ஒரு நாள் கூட வேண்டும், கடும் பயிற்சிகளுக்கு நடுவில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: இறக்கத்தில் ஓடிய பிறகு பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. சப்பாத்துப் பிழையா? — நெல்லியடி வாசகர்

பதில்: பெரும்பாலும் அளவு பிழை. இறங்கும்போது கால் முன்னுக்கு வழுக்கி நுனியில் இடிக்கிறது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கால் வீங்கியிருக்கும் பின்னேரத்தில் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். சப்பாத்து லேசைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், நகத்தை இரண்டு மூன்று நாளுக்கு முந்தியே வெட்டுங்கள். கறுத்த நகத்தைப் பிடுங்க வேண்டாம், தானாக விழும்.

கேள்வி: ஞாயிறு மரதன், திங்கள் வேலைக்குப் போகலாமா? நோவுக்கு முதலிலேயே மாத்திரை போடலாமா? — திருநெல்வேலி வாசகர்

பதில்: முடிந்தால் செவ்வாயும் சேர்த்து லீவு எடுங்கள், திங்களைவிடச் செவ்வாய்தான் கூடுதலாக நோகும். இபுபுரோஃபென் மாதிரியான நோவு மாத்திரைகளை ஓட்டத்துக்கு முன்னரும் ஓடும்போதும் போடாதீர்கள், தண்ணீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். மெல்ல நடவுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், நித்திரை கொள்ளுங்கள். தொடை நோவோடு சிறுநீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் போனால் மட்டும் அதைச் சூடு என்று எண்ணி இளநீர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது என்பதற்கு அது அடையாளம், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், ஞாயிறு இரவு என்றாலும் சரி.