மருமகள் முணுமுணுக்கிறாளா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 68 வயது. மருமகள் என்னிடம் வேண்டுமென்றே முணுமுணுவென்று பேசுகிறாள். மகன் பேசினால் புரிகிறது, இவள் பேசினால்தான் புரிவதில்லை. ‘என்னம்மா?’ என்றால் ‘ஒண்ணுமில்லை மாமா’ என்று எழுந்து போய்விடுகிறாள். டிவி சத்தத்தையும் குறைக்கச் சொல்கிறாள். நாலு பேர் கூடினால் எல்லோரும் சிரிக்கிறார்கள், எதற்கென்று எனக்குச் சொல்வதில்லை. வாயைத் திறந்து பேசச் சொல் என்று மகனிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன். பேத்தி ஏதாவது சொன்னால் புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவேன். அப்புறம் ‘சொன்னேனே தாத்தா, மறந்துட்டீங்களா?’ என்கிறாள். என் அப்பாவுக்கும் கடைசியில் நினைவு தப்பியது, அது இருக்கட்டும். வீட்டில் மரியாதை போய்விட்டது. மருமகளை எப்படித் திருத்துவது?

ஐயா,

மருமகள் இருக்கட்டும். நீங்கள் ‘அது இருக்கட்டும்’ என்று ஓரங்கட்டிய அப்பாவின் நினைவுதான் உங்களை அரிக்கிறது என்று படுகிறது. காதில் விழாத சொல்லை எந்த மூளையும் நினைவில் வைக்காது. பேத்தி சொன்னதை நீங்கள் மறந்திருக்க வேண்டியதில்லை, அது உங்கள் காதிலேயே விழாமல் இருந்திருக்கலாம்.

உட்காதின் நத்தைச் சுருளில் ஒலியை உணரும் மயிர்செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. வயதாகும்போது முதலில் தேய்வது உச்ச சுருதியை வாங்கும் பகுதி. உயிரொலிகள் கனமானவை, காதில் விழுந்துவிடும். ச, த போன்ற மெல்லிய மெய்யொலிகள்தான் நழுவும். சத்தம் கேட்கும், ‘சத்து’ எது, ‘பத்து’ எது என்று பிரியாது. மகனின் கட்டைக்குரல் புரிந்து, பெண் குரலும் குழந்தைக் குரலும் புரியாமல் போவது இதனால்தான். மருமகள் மேல் பழி போட்டது நியாயமில்லை ஐயா. கௌரவத்துக்காகத் தலையாட்டியது நீங்கள்.

மறதிநோய்க்கு வழிவகுக்கும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணிகளை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் பட்டியலிட்டது. செவித்திறன் குறைவும் அதில் ஒன்று. அப்பாவிடமிருந்து வந்ததை மாற்ற முடியாது, காதைக் கவனிக்க முடியும்.

காது மருத்துவர் முதலில் குறும்பி அடைப்பைப் பார்ப்பார், பிறகு கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம். காது கேட்கும் கருவி தந்தால் முதல் வாரத்திலேயே பெட்டியில் போட்டுவிடாதீர்கள். தாள் சரசரப்புகூடக் குத்தும், மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். அமைதியான அறையில் தினம் ஒரு மணி நேரத்தில் தொடங்கி ஏற்றுங்கள். (ஒரு காது திடீரென மந்தமானால் மட்டும் அன்றே ஓட வேண்டும்.) வீட்டார் கத்த வேண்டாம், கத்தினால் உயிரொலிதான் பெருகும். டிவியை அணைத்துவிட்டு முகம் பார்த்து, நிதானமாகப் பேசினால் போதும்.

மறதி பற்றிய பயத்தையும் அதே மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்று பேத்தி வந்தால் தலையாட்டாதீர்கள். ‘காதில் விழலைம்மா, இன்னொரு தடவை சொல்லு’ என்று கேளுங்கள்.