நேபாளத்தில் கல்வீடு: மேஸ்திரியிடம் கேட்டவை

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். சுமார் 5 லட்சம் வீடுகள் தரைமட்டமாயின. கிருஷ்ணகிரியில் எங்கள் கிறிஸ்தவ சபையிலிருந்து 2016-லும் 2017-லும் அங்கே தாதிங் மாவட்டத்துக்கு வீடு கட்டப் போனோம். நான் முப்பது வருஷமாகக் கட்டட மேஸ்திரி. மறுபடியும் ஒரு பயணம் போகலாமா என்று பேச்சு எழுந்ததும், சுற்றுவட்டாரச் சபைப் பிள்ளைகள் கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

காவேரிப்பட்டணம் தம்பி: அண்ணா, எப்படிப் போனீங்க? விசா வேணுமா?

விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை இருந்தால் போதும். யஷ்வந்த்பூரில் கோரக்பூர் வண்டி ஏறி, அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை. பிறகு நாராயண்காட், முக்லிங் வழியாக மலேகு. மலேகுவில் ஆற்று மீனை வறுத்து விற்கிறார்கள், நம்ம ஒகேனக்கல் மாதிரியே. மிளகாய்தான் பத்தாது.

கையில் 100 ரூபாய் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை நாங்கள் 500 ரூபாய்க் கட்டுகளோடு போனோம். வேலை ஆரம்பித்த நாலாம் நாள் தேதி 2016 நவம்பர் 8. அந்த ராத்திரி 500 ரூபாய் நோட்டு செல்லாது என்று இந்தியாவில் அறிவித்த பிறகு எங்கள் கட்டுகளைச் சீண்டுவாரில்லை. சிமெண்ட் கடைக்காரர் அந்த ஊர்ப் பாஸ்டர் முகத்துக்காகக் கடன் கொடுத்தார்.

பர்கூர் பாலிடெக்னிக் மாணவர்: அங்கேயும் கல்வீடுதானே சார்? நம்ம பக்கம் நிற்கிறது, அங்கே ஏன் விழுந்தது?

தம்பி, நம்ம தேன்கனிக்கோட்டைப் பக்கம் பழைய கல்வீடு நிற்பதற்குக் காரணம் நம் கைத்திறன் என்று நினைத்துத்தான் நானும் போனேன். அது இல்லை. நம்ம தரை அப்படி ஆடியதில்லை, அவ்வளவுதான்.

அங்கே விழுந்த சுவரைப் பார்த்தால் புரியும். உள்முகத்துக்கு ஒரு வரிசைக் கல், வெளிமுகத்துக்கு ஒரு வரிசை, நடுவில் சில்லும் மண்ணும். சாந்தும் மண்தான். குலுக்கியதும் இரண்டு முகமும் பிரிந்து, வயிறு தள்ளிச் சரிந்துவிடும். மூலையில் ஒரு சுவர் இன்னொன்றைப் பிடிக்கவே இல்லை. போதாததற்குத் தலைமேல் கற்பலகைக் கூரையின் பாரம்.

புதிய வீட்டில் சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே போகிற நீளக்கல்லை இடைவெளி விட்டு வைக்க வேண்டும். ஜன்னல் அடியில், லிண்டல் மட்டத்தில், கூரைக்குக் கீழே என்று வீட்டைச் சுற்றிக் கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட் ஓட வேண்டும். நாம் கதவு, ஜன்னல் மேலே மட்டும் லிண்டல் போட்டு நிறுத்திவிடுகிறோம். அங்கே அது குழந்தைக்கு அரைஞாண் கட்டுகிற மாதிரி, முழுச் சுற்று. நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங் கம்பியின் நுனியை நாம் 90 டிகிரியில் மடக்கிவிட்டுப் போவோம். அது 135 டிகிரிக்கு உள்ளே மடங்கியிருக்க வேண்டும். மூலைக் கம்பி அஸ்திவாரத்திலிருந்தே எழும்ப வேண்டும். மேலே தகரம்.

இந்தக் கடைசிக்கு முந்தினதில்தான் நான் மாட்டினேன். முதல் வீடு ஒரு விதவைத் தாயினுடையது. ஆர்வக் கோளாறில், நம்ம ஊர் வழக்கப்படி மூலைக் கம்பி இல்லாமலே சுவரை இடுப்பு உயரம் ஏற்றிவிட்டேன். அரசு மானியம் 3 லட்சம் நேபாள ரூபாய், மூன்று தவணை: 50,000, 1,50,000, 1,00,000. ஒவ்வொரு கட்டத்தையும் இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்தது வரும். வந்த பையனுக்கு என் மகன் வயசு. சுற்றிப் பார்த்தான், போட மாட்டேன் என்றான். நான்கு நாள் கட்டினதை ஒன்றரை நாளில் பிரித்தோம். அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் இறக்கிய கல்லை அவரே வாங்கி அடுக்கினார். இலவசமாகக் கட்டிக்கொடுக்கப் போய், அவருக்கு வர வேண்டிய தவணையைக் கெடுக்க இருந்தேன்.

அதற்கப்புறம் அந்த ஊர்க் கொத்தனார் ஒருவரிடம்தான் வேலை செய்தேன். அவர் பயிற்சி எடுத்தவர். நான் அவருக்குக் கையாள்.

ஓசூர் சகோதரி: பயணச் செலவை அப்படியே அனுப்பினால் வீடே கட்டியிருக்கலாமே?

கணக்குச் சரிதான்மா. முதல் முறை பன்னிரண்டு பேர் போனோம். தலைக்கு 9,000 வைத்தாலும் 1,08,000 ரூபாய். நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே 1.60. அப்படியானால் 1,72,800, இரண்டாம் தவணையைவிட அதிகம். அதில் ஏழு பேருக்குக் கரண்டி பிடிக்கவே தெரியாது. போட்டோ நன்றாக வந்தது.

ஆனால் அங்கே பணம் இருந்தும் ஆள் இல்லை. இளவட்டங்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள். அதனால் 2017-ல் நான்கு பேர் மட்டும் போனோம்: இரண்டு கொத்தனார், ஒரு கம்பி வேலைக்காரர், இந்தி பேசத் தெரிந்த ஒரு தம்பி. மற்றவர்கள் பயணத்துக்கு வைத்திருந்த காசில் கம்பியும் தகரமும் வாங்கினோம். சபைப் பணம் டிரஸ்ட் பேரில் இருந்தால், வெளிநாட்டில் செலவழிப்பதற்கு வருமான வரிச் சட்டத்தில் தனிக் கெடுபிடி உண்டு. முதலில் ஆடிட்டரைப் பாருங்கள்.

பாலக்கோடு வாலிபர்: ஐயா, சுவிசேஷம் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததா? கைப்பிரதி கொண்டு போகலாமா?

வேண்டாம். 2015 அரசியலமைப்பே மதமாற்றத்தைத் தடுக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி ஐந்து வருஷம் வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவரைத் தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவார்கள். நாம் வண்டியேறி வந்துவிடுவோம், மாட்டுவது அந்த ஊர்ப் பாஸ்டர்.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வீடில்லாதவனிடம் வீட்டைக் காட்டிக்கொண்டு பேசுவது ஊழியமா? நாங்கள் கட்டிய ஒரு வீடு பௌத்தர்களான தமாங் இனத்துக் குடும்பத்துடையது. குடிபோகும் அன்று அவர்கள் குருவான லாமாவை அழைத்து மந்திரம் ஓதினார்கள். எங்களில் ஒருவருக்கு முகம் சுருங்கியது. வாசலில் நின்றோம், கொடுத்த டீயைக் குடித்தோம். கிளம்பும்போது பெரியவரே, ‘நீங்களும் ஒரு ஜெபம் செய்யுங்கள்’ என்றார். செய்தோம்.

அதே வாலிபர்: ஞாயிறு ஆராதனை?

அங்கே வார விடுமுறை சனிக்கிழமை. சபை கூடுவதும் அன்றுதான். நிலநடுக்கம் வந்ததும் ஒரு சனிக்கிழமை, பகல் 11:56. பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்ததால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் ஆராதனையில் இருந்தவர்கள் மேல் சபைக் கட்டடங்கள் விழுந்தன. எனக்கு இன்றுவரை இதற்குப் பதில் இல்லை. யாராவது பதில் சொன்னால் எரிச்சல்தான் வருகிறது.

பென்னாகரம் அக்கா: சாப்பாடு ஒத்துக்குமா?

காலையும் மாலையும் பருப்புச் சோறு. ‘டிண்டோ’ என்று ஒன்று தந்தார்கள். தொட்டுப் பார்த்தால் நம்ம களி! ‘கோதோ’ மாவில் கிண்டியது என்றார்கள்; கோதோ என்றால் கேழ்வரகுதான். கருவாட்டுக் குழம்பு மட்டும் இல்லை.

ஊத்தங்கரை தம்பி: 2023 நவம்பரில் ஜாஜர்கோட்டில் நிலநடுக்கம் வந்ததே, அங்கே இப்போ போகலாமா?

அங்கேயும் 150 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், அங்கேயும் கல்லும் மண்ணும்தான். ஆனால் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அங்கே வேலை செய்கிற பதிவுபெற்ற அமைப்பிடம் என்ன தேவை என்று கேளுங்கள். தகரம் கேட்டால் தகரம். ஆள் கேட்டால் கம்பி வேலை தெரிந்தவர். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை, மலைப்பாதை சரியும். நம்ம தசரா மாதிரி அங்கே வருகிற தசைன் பண்டிகை முடிந்து போவதுதான் தோது.

மத்தூர் தங்கச்சி: அந்த விதவைத் தாய் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்களா?

இருக்கிறார். போன தசைனுக்கு அவர் மகன் வீடியோவில் கூப்பிட்டான். மேலே ஒரு மாடி எடுக்கட்டுமா, கல்லிலேயே, என்று கேட்டான். கூடாது, இது ஒரு தளத்துக்குப் போட்ட வீடு என்றேன். சரி என்றான், ஆனால் முகம் சரியில்லை. அந்த அம்மா போனை வாங்கி, உங்கள் ஊரில் கோதோ அறுவடை ஆச்சா என்று விசாரித்தார்.